பிண்ணாக்கு மூட்டையும் பேத்தியின் பாலும்

குடியாத்தம் பக்கம்,
கார்த்திகை 10

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குப் பாக்கெட் பாலை நிறுத்திவிட்டு, மாட்டுக்காரரிடமே கறந்த பால் வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். நன்றாகக் காய்ச்சிக் கொடுத்தால் பயமில்லைதானே என்றும் கேட்டிருந்தாய். கிருமி காய்ச்சினால் செத்துவிடும். காய்ச்சினாலும் போகாத நஞ்சு ஒன்று இருக்கிறது. இந்த ஐப்பசியில் அது என் கொட்டகைக்கே வந்துவிட்டது.

மழையில் கொட்டகை மூலை ஒழுகியிருக்கிறது. கடலைப் பிண்ணாக்கு மூட்டை அங்கேதான் கிடந்தது. மேலாக அள்ளி இரண்டு நாள் போட்டேன், ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் அடியில் கைவிட்டால் கதகதவென்று சூடு. கட்டியை உடைத்தால் உள்ளே மஞ்சளும் பச்சையுமாகப் பூசணம், முக்கல் வாடை. வெயிலில் காயவைத்துப் போடலாம் என்றுதான் நினைத்தேன். கால்நடை மருத்துவர் கூடவே கூடாது என்றார். பூசணம் உதிர்ந்து போனாலும் அது விட்ட அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு பிண்ணாக்கில் அப்படியே நிற்கும். மாடு தின்றால் ஈரலில் எம்1 என்று வேறு வடிவமாகி, ஒரு நாளுக்குள் பாலில் இறங்கிவிடும். தீனியை மாற்றினால் மூன்று நாலு நாளில் பால் தெளியும். அந்த நாலு நாள் பாலை நான் சங்கத்துக்கு ஊற்றவில்லை. மூட்டையைக் குழி தோண்டிப் புதைத்தேன்.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்த பிறகுதான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். அதுவும் கடலைப் பிண்ணாக்கால் வந்ததுதான். மனிதருக்கு ஈரல் புற்றுநோய் வரவைக்கும். நம் நாட்டில் ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராம் வரைதான் இருக்கலாம். ஐரோப்பாவில் அதில் பத்தில் ஒரு பங்கு. 2018இல் நாடு முழுக்கப் பாலைச் சோதித்தபோது வரம்பை மீறிய மாதிரிகள் தமிழ்நாட்டில்தான் அதிகம், 551இல் 88. படித்தபோது வயிறு கலங்கியது.

கலப்படம் என்றால் ஆளைப் பிடிக்கலாம். இதில் யாரும் எதையும் கலப்பதில்லை. கடலை பிடுங்குகிற நேரத்தில் இங்கே மழை. காய் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும்வரை காயவைக்க முடியாமல், ஈரத்தோடு மூட்டை கட்டிவிடுகிறோம். அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. இப்போது என் மூட்டைகளைப் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் வைத்திருக்கிறேன்.

கறந்த பால் என்பதற்காக நம்பிவிடாதே. அந்த மாட்டுக்காரர் வீட்டுக்கு ஒரு முறை போ. என்ன தீனி போடுகிறார், மூட்டை எங்கே இருக்கிறது என்று பார். அடியில் கைவிட்டுப் பார்க்கக் கூச்சப்படாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்