பிறையும் கோளும்: நேரத்தையும் திசையையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலவுக்குப் பக்கத்தில் வெள்ளியோ வியாழனோ வரும் நாளைத் தங்கள் நாளிதழ் தவறாமல் செய்தியாக்குகிறது. அதற்கு நன்றி. ஆனால் ‘இன்று இரவு வானில் அரிய காட்சி’ என்று மட்டும் போட்டால் படம் எடுக்க நினைப்பவருக்கு உதவாது. மூன்றாம் பிறை பொழுது சாய்ந்த பிறகு ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான் நிற்கும். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கேமராவோடு மொட்டைமாடிக்கு ஏறுகிறவருக்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது. எந்தத் திசை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அடிவானத்திலிருந்து எத்தனை கைமுட்டி உயரம், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்ற நான்கையும் சேர்த்து இரண்டு வரியில் போடலாம். கையை நேராக நீட்டிப் பிடித்தால் ஒரு முட்டி சுமார் 10 பாகை (டிகிரி), சுண்டுவிரல் அகலம் 1 பாகை, நிலவு அரைப் பாகை. அளவுகோல் எல்லோரிடமும் இருக்கிறது.

‘அரிய’ என்ற சொல்லையும் கொஞ்சம் அளந்து பயன்படுத்தலாம். நிலா 27.3 நாளில் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவருவதால் ஒவ்வொரு கோளையும் மாதம் ஒருமுறை கடக்கிறது. நிலவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால் இடைவெளி மட்டும் மாதாமாதம் மாறும். ஒரு மாதம் அரை முட்டி தள்ளி நிற்கும், இன்னொரு மாதம் உரசிக்கொண்டு போகும். கோளை நிலா மறைத்தே விடும் நாள்தான் உண்மையில் அரிது. 2023 மார்ச் 24 அப்படிப்பட்ட நாள். நிலவுக்குப் பின்னால் மறைந்து வெளிவந்த வெள்ளி, அன்று மாலை பிறைக்குக் கீழே பொட்டு வைத்தாற்போல் நின்றது.

நாளைக் கண்டுபிடிக்க வீட்டுச் சுவரிலுள்ள தினசரி காலண்டரே போதும். நிலா ஏறத்தாழ நாளுக்கு ஒரு நட்சத்திரம் நகர்கிறது. பஞ்சாங்கத்தின் கிரக பாதசாரப் பக்கத்தில் வியாழன் எந்த நட்சத்திரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். காலண்டர் தாளில் அதே நட்சத்திரம் வரும் நாளில் இரண்டும் அருகருகே நிற்கும். ஒரு நட்சத்திரத்தின் அகலம் 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை) என்பதால், முந்தின நாளும் மறுநாளும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. இந்த வேலைக்கு இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப் பஞ்சாங்கமே சரி. பழைய வாய்பாட்டின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தில் கோளின் இடம் சில பாகை விலகியிருக்கக்கூடும்.

அடுத்தது இடம். கோவைக்கு மேற்கே மலை சுவராக நிற்கிறது. பூண்டி, சாடிவயல் போன்ற அடிவார ஊர்களில் மெல்லிய பிறை கண்ணுக்குத் தட்டுப்படும் முன்பே வெள்ளியங்கிரி மலைக்குப் பின்னால் போய்விடும். மலை 5 பாகை உயர்ந்து தெரிந்தால் 20 நிமிடம் நட்டம். படம் எடுக்கக் கிடைப்பதே அரை மணி நேரம் என்னும்போது அது பெரிய நட்டம். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகள் (வேலியிட்ட மேய்ச்சல் நிலங்கள்) இதற்கென்றே அமைந்தவை போல மேற்கு திறந்து கிடக்கின்றன. முன்னால் கிளுவை வேலியும், தள்ளி ஒரு வேல மரமோ பனையோ இருந்தால் படத்துக்கு அதுவே அழகு.

முன்னால் நிற்கும் பொருளுக்கு ஒரு கணக்கு உண்டு. எந்தப் பொருளும் தன் உயரத்தைப் போல 115 மடங்கு தூரத்தில் நிலவின் அளவுக்குத் தெரியும். 20 மீட்டர் கோபுரமும் நிலவும் சம அளவாக விழ வேண்டுமென்றால் 2.3 கிலோமீட்டர் பின்னே போக வேண்டும். கோபுர வாசலில் நின்று எடுத்தால் நிலா கடுகாகத்தான் விழும். லென்ஸின் குவியத்தூரத்தை (லென்ஸில் குறித்திருக்கும் மி.மீ. எண்) 110ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலவின் அளவு கிடைக்கும். 200 மி.மீ. லென்ஸில் அது 1.8 மி.மீ., 50 மி.மீ. லென்ஸில் அரை மி.மீ.கூட இல்லை. சிறு சென்சார் கேமராவில் 200 மி.மீ. லென்ஸ் சுமார் 6.7க்கு 4.5 பாகை வானத்தை அடக்கும். ஆகவே இடைவெளி 4 பாகைக்குள் இருந்தால் 200, அதற்குமேல் என்றால் 85 அல்லது 50.

பொழுது சாய்ந்து 20 நிமிடத்திலிருந்து 45 நிமிடம் வரைதான் நல்ல நேரம். அதற்கு முன் வானம் வெளுப்பு. பிறகு பிறை தாழ்ந்து புழுதியில் செம்மண் நிறமாகிவிடும். பிறையின் ஒளிபட்ட வளைவு மட்டும் போதுமென்றால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 200, எஃப் (லென்ஸ் திறப்பு) 8, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/30 முதல் 1/60 விநாடி. இருண்ட பகுதி மங்கலாகத் தெரிகிறதே, பூமியிலிருந்து எதிரொளித்துப் போன வெளிச்சம், அதுவும் வேண்டுமானால் ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6, 1 விநாடி. வளைவு வெளுத்துப் போகும். ஒரே படத்தில் இரண்டும் முழுதாகக் கிடைக்காது. மூன்றாம், நான்காம் பிறையில் அந்த மங்கல் ஒளி நன்றாக இருக்கும். ஏழாம் பிறைக்கு மேல் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

விநாடியைக் கூட்டிக்கொண்டே போகவும் கூடாது. வானம் விநாடிக்கு 15 விகலை (3,600 விகலை ஒரு பாகை) நகர்கிறது. 200 மி.மீ. லென்ஸில் 1 விநாடிக்கே நாலைந்து பிக்சல் இழுபடும், 4 விநாடி வைத்தால் வெள்ளி புள்ளியாக இல்லாமல் கோடாக விழும். வெளிச்சம் போதவில்லை என்றால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். வெள்ளை சமநிலையைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்திவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் அந்திநீலம் சாம்பலாகிவிடும்.

ஃபோகஸில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். லென்ஸில் முடிவிலிக் குறி வரை திருப்பினால் போதும் என்பது தவறு. ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் அந்தக் குறியையும் தாண்டிச் சுழலும். லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், கோளை 10 மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் நிறுத்தி, சுவிட்சை மேனுவலுக்கு மாற்றுங்கள். ட்ரைபாடில் வைத்ததும் லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணையுங்கள், இல்லாத அதிர்வைத் தேடி அதுவே படத்தை அசைக்கக்கூடும். டைமர் 2 விநாடி வையுங்கள்.

ஆனி, ஆடியில் இன்னொரு தொல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் எங்கும் ட்ரைபாடை விடாது. நடுத்தண்டை ஏற்றாதீர்கள், கால்களை முழுதாக நீட்டாதீர்கள். கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் அது தரையைத் தொட்டபடி இருக்கட்டும். ஊசலாடும் பை நிலைமையை இன்னும் கெடுக்கும். தை முதல் பங்குனி வரை வானமும் தெளிவு, காற்றும் அடக்கம். மார்கழி விடியலில் விடிவெள்ளியை எடுப்பவர்கள் லென்ஸில் பனி படிகிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

வியாழன் வேறு கணக்கு. வெள்ளியின் மேகப் பரப்பு நிலவின் தரையைவிடப் பளிச்சென்றிருப்பதால் குறைந்த ஷட்டர் நேரத்திலும் விழுந்துவிடும். வியாழன் சூரியனிலிருந்து பூமியைப் போல 5 மடங்குக்கு மேல் தள்ளி இருக்கிறது. அதன் பரப்பு முழு நிலவைவிட மங்கல். முழு நிலவுக்குச் சரியான ஐஎஸ்ஓ 200, எஃப் 8, 1/400இல் வியாழன் இருக்கும் இடமே தெரியாமல் போகலாம். இரண்டு படம் எடுத்து இணைப்பதே வழி. அப்படி இணைத்ததைச் சொல்லிவிட வேண்டும். 300 மி.மீ. லென்ஸில் ஐஎஸ்ஓ 800, அரை விநாடி வைத்தால் வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களும் ஒரே வரிசையில் விழுவதைப் பார்க்கலாம். ஒன்றிரண்டு குறைந்தால் அவை வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கின்றன.

கைப்பேசியில் எடுப்பவர்கள் புரோ முறைக்குப் போய் ஐஎஸ்ஓ 100, 1/15 விநாடியில் தொடங்கலாம். இரவு முறை பிறையை வெள்ளைப் பந்தாக்கிவிடும். கேமராக் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். நிலவுக்கு எதிர்ப்புறம் ஒரு பச்சைப் புள்ளி விழுந்தால் அது கோள் அல்ல, லென்ஸுக்குள் நடக்கும் எதிரொளிப்பு. கைப்பேசியைச் சற்றுத் திருப்பினால் அந்தப் புள்ளி நிலவை விட்டு விலகி ஓடும், கோள் ஓடாது.

வாசகர் படங்களைத் தேர்ந்தெடுக்கும் தங்கள் மேசைக்கும் மூன்று செய்தி. வெள்ளி சூரியனைவிட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. எனவே முழு நிலவுக்குப் பக்கத்தில் வெள்ளி நிற்கும் படம் ஒட்டுப்படம். பிறையின் இருண்ட பகுதிக்குள் கோளோ நட்சத்திரமோ தெரிய வழியே இல்லை. அங்கே இருப்பது நிலவின் உடம்பு. மாலைப் பிறையின் ஒளிபட்ட பக்கம் சூரியன் மறைந்த திசையைப் பார்த்துத்தான் இருக்கும். நம் ஊரில் அது பெரும்பாலும் தோணி போலக் கிடக்கும், கொம்புகள் கீழ்நோக்கி வராது.

கடைசியாக ஒரு கோரிக்கை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி, கோள் இருந்த புள்ளியே அழிந்துவிடுகிறது. ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள் என்று வாசகர் பக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அச்சில் நான்கு பத்தி அகலப் படத்தை இரண்டு பத்திக்குச் சுருக்கினாலும் இதே கதிதான். சுருக்குவதற்குப் பதில் பிறையையும் கோளையும் விட்டு மற்ற வானத்தை வெட்டிவிடுங்கள். படத்தின் கீழே எடுத்தவர் பெயரோடு ஊர், மணி, லென்ஸ், ஐஎஸ்ஓ, ஷட்டர் ஆகியவையும் வரட்டும். அடுத்த மாதம் எடுக்கப் போகிறவர் அதைப் பார்த்துத்தான் தொடங்குவார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காங்கேயம்.