தொட்டியில் கரைக்கும் புண்ணாக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆப்பிரிக்காவில் உள்ள சூடானில் நடக்கும் போர் பற்றி நீங்கள் வெளியிட்ட செய்தியில் ஒரு வரி மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அந்நாட்டின் மேற்கே உள்ள எல் ஃபாஷர் நகரம் முற்றுகையில் கிடந்தபோது அங்கே ஜனங்கள் 'அம்பாஸ்' என்பதைச் சாப்பிட்டார்கள் என்று போட்டிருந்தீர்கள். கடலையில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை, கால்நடைத் தீவனம் என்று விளக்கமும் இருந்தது. எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அது புண்ணாக்கு.

எங்கள் ஊர் திண்டிவனம் பக்கம், கடலை விளைகிற மண். வீட்டில் இரண்டு கறவை மாடுகள். ராத்திரி புண்ணாக்கை ஊற வைத்து, விடிந்ததும் கையால் கரைத்து, தவிடு சேர்த்துத் தொட்டியில் ஊற்றுவது முப்பது வருஷமாக என் வேலை. மழைக்காலத்தில் மூட்டையில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடித்துவிடும். அதை மாட்டுக்குக்கூட வைக்க மாட்டோம். செய்தி படித்த மறுநாள் காலையில் கட்டியை உடைக்கும்போது ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன். முதலில் லேசாகக் கடலை வாசம், அப்புறம் மண்ணை மெல்லுகிற மாதிரி. விழுங்க முடியவில்லை, துப்பிவிட்டேன். துப்பிவிட்டு உள்ளே போனால் அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. எல் ஃபாஷரில் அதைக் கரைத்துப் பிள்ளைக்கு ஊட்டியவளுக்கு உள்ளே போய்ச் சாப்பிட வேறு எதுவும் இல்லை. கடைசியில் அந்தப் புண்ணாக்கும் தீர்ந்துபோனது என்று படித்தேன்.

சூடானும் கடலை நிறைய விளைகிற நாடுதான். மழை பொய்த்து வந்த பஞ்சம் அல்ல இது. 2021-ல் சேர்ந்து ஆட்சியைப் பிடித்த இரண்டு பேர், ராணுவத் தளபதி புர்ஹானும் ஆர்.எஸ்.எஃப் துணைப்படையின் தலைவர் ஹெமெட்டியும், 2023 ஏப்ரல் 15 அன்று ஒருவரோடு ஒருவர் சண்டையைத் தொடங்கினார்கள். 2024 மே மாதத்திலிருந்து ஆர்.எஸ்.எஃப் எல் ஃபாஷரை வளைத்துக்கொண்டது. பிறகு ஊரைச் சுற்றி மண்கரையே எழுப்பிவிட்டார்கள். எங்களுக்குக் கரை என்றால் ஏரிக்கரை, தண்ணீரைத் தேக்கி நிறுத்த. அங்கே தானியம் உள்ளே போகாமலும் மனுஷர் வெளியே போகாமலும் நிறுத்தக் கரை கட்டியிருக்கிறார்கள். 2025 அக்டோபர் 26-ல் நகரம் அவர்கள் கையில் விழுந்தது. அங்கிருந்த பிரசவ ஆஸ்பத்திரியில் மட்டும் 460-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது. என் மகள் பிரசவத்துக்காக வந்திருந்த நாட்களில் இதைப் படித்தேன். அவளிடம் சொல்லவில்லை, பேப்பரை மடித்து எடுத்து வைத்துவிட்டேன்.

சண்டை தொடங்கிய அந்த ஏப்ரலில் நம் பத்திரிகைகளில் தினமும் சூடான் இருந்தது. இந்திய அரசின் 'ஆபரேஷன் காவேரி' மூலம் சூடானிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் 3,800-க்கும் மேற்பட்ட இந்தியர்களை சவுதி அரேபியாவின் ஜித்தா வழியாகவும் வேறு வழிகளிலும் மீட்டு வந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் வந்து இறங்கினார்கள். நல்லபடியாக வந்தார்களே என்று நானும் சாமி கும்பிட்டேன். அதோடு சூடானை மறந்தும் போனேன். செய்தியும் நின்றுபோயிற்று. நம் ஆட்கள் வந்து சேர்ந்ததும் போர் முடிந்துவிட்டது போல நான் இருந்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல் ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடியிருக்கிறார்கள் என்பதை இப்போது தெரிந்துகொள்ளும்போது வெட்கமாக இருக்கிறது.

"இதைப் படித்து நீ என்ன செய்யப்போகிறாய்?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். அவர் கேட்பதும் சரிதான். ஆனால் தினமும் புண்ணாக்கில் கை வைக்கும்போது அந்த நினைப்பு வருகிறது, நான் கூப்பிட்டு வரவில்லை. வருகிற நினைப்புக்கு அரைகுறையாக இல்லாமல் முழு விவரம் தெரிந்தால் தேவலை என்று தோன்றுகிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். பெரிய தாக்குதல் நடந்த அன்று மட்டும் இல்லாமல், மாதம் ஒரு முறையாவது சூடானுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். ஒரு வரைபடமும் போடுங்கள், ஊர்ப் பெயர்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் தடுமாறுகிறோம். எங்களைப் போன்றவர்கள் ஐநூறோ ஆயிரமோ அனுப்ப நினைத்தால் நம்பிக்கையான வழி எது என்று விசாரித்து எழுதுங்கள். எல் ஃபாஷரிலிருந்து தப்பியவர்கள் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நடந்து டவிலா என்ற ஊரில் ஒதுங்கினார்கள் என்று போட்டிருந்தீர்கள். அவர்களுக்கு இப்போது சாப்பிட என்ன கிடைக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டிவனம் வட்டம்.