மேய்க்கால் நிலத்தை மீட்க நன்கொடை வேண்டுகிறோம்

ஊரில் இருப்பவர்களுக்கும், திருப்பூர், கோவை என்று பிழைக்கப் போயிருக்கும் நம் சொந்தங்களுக்கும் வணக்கம்.

தாராபுரம் பக்கத்து நம் ஊர் மேய்க்கால் புறம்போக்கைச் சீமைக்கருவேலம் மூடிவிட்டது. மிச்சமிருக்கும் திட்டுகளில் ஊர் ஆடுகள் அத்தனையும் மேய்வதால் புல் தலை தூக்குவதே இல்லை. ஊராட்சித் தீர்மானத்தோடு இதைக் கொறங்காடாக, அதாவது உயிர்வேலி கட்டிப் புல்லும் மரமும் வளர்க்கும் மேய்ச்சல் காடாக, மாற்றப் போகிறோம்.

"தடுப்பூசி போடுகிறோம், பூச்சி மருந்து ஊற்றுகிறோம், நிலத்துக்கு எதற்குச் செலவு?" என்று கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி நோய்களுக்கு ஊசி கட்டாயம் போட வேண்டும். ஆனால் ஊசி நோயை உடம்புக்கு அடையாளம்தான் காட்டுகிறது, எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க வேண்டியது ஆட்டின் உடம்பு. அதற்குப் புரதம் வேண்டும். வயிறு காய்ந்து, நிழலில்லாமல் வெயிலில் நிற்கும் ஆட்டுக்கு அந்தத் தெம்பு இருக்காது.

சினை ஆட்டைப் பாருங்கள். குட்டி போடும் சமயத்தில் அதன் எதிர்ப்புச் சக்தி தளர்கிறது, புழுக்கள் பெருகிப் புழுக்கையில் முட்டை கூடுகிறது. நல்ல தீவனம் கிடைத்தால் இந்தத் தளர்ச்சி குறையும். வயிற்றில் இருக்கும்போது குட்டிக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் போய்ச் சேர்வதில்லை. அது சீம்பாலில்தான் வருகிறது, அதையும் பிறந்து ஒரு நாளுக்குள் குடித்தாக வேண்டும், பிறகு குடல் அதை உள்ளே விடாது. தாய் மெலிந்து சீம்பால் வற்றினால் குட்டிக்கு அரணே கிடையாது.

இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவும் தரையிலிருந்துதான் ஏறுகிறது. ஈரப் புல்லின் அடித்தண்டில்தான் அதன் குஞ்சுப்புழு பெரும்பாலும் இருக்கும். புல்லை ஒட்டக் கடித்த மேய்ச்சலில் ஆட்டின் வாய் அங்கேதான் போகிறது. தாடை வீங்கி, கண் வெளுத்துச் சாகும் ஆடுகளை நாம் பார்த்திருக்கிறோம். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் புழு அதற்கும் பழகிவிடும். மேய்ச்சல் நிலத்துக்கு ஓய்வு கொடுத்தால், நம் வெயிலில் குஞ்சுப்புழு பெருமளவு மடிந்துவிடும்.

ஆகவே நிலத்தை நான்காகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கப் போகிறோம். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க ஜேசிபி, கொழுக்கட்டைப்புல் விதை, வேலிக்குக் கிளுவைப் போத்து (நட்டால் துளிர்க்கும் கிளை), நிழலுக்கும் கோடையில் தீவனமாகும் காய்களுக்கும் வெள்வேல் மரக்கன்று, ஒரு தண்ணீர்த் தொட்டி, இவ்வளவுதான் தேவை. தொட்டியை விட வேலிக்குத்தான் அதிகம் செலவாகும். வேலி நிற்காவிட்டால் ஓய்வு என்பது பேச்சோடு போய்விடும்.

பணமாகத் தர முடியாதவர்கள் போத்து வெட்டித் தரலாம், ஒரு நாள் வேலைக்கு வரலாம், பழைய கொறங்காடு வைத்திருப்பவர்கள் விதை தரலாம். ஆடு இல்லாதவர்களும் தோள் கொடுங்கள் என்று உரிமையோடு கேட்கிறோம். மதிப்பீட்டை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டியிருக்கிறோம். குழுப் பொருளாளரிடம் ரசீது பெற்றுக்கொண்டு பணம் கொடுங்கள், வரவு செலவு மாதாமாதம் அதே பலகையில் வரும். ஐப்பசி மழைக்கு முன் விதை விழ வேண்டும் என்பதால் ஆவணி முடிவதற்குள் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மேய்ச்சல் நிலக் குழுவினர்