எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், நகரத்தின் பழைய கோட்டை வாசல், மணிக்கூண்டு, நீதிமன்றம், நூலகம் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு சைக்கிளில் ஒரு சுற்று வருவது பற்றி முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. சைக்கிளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் மூன்றாவது பத்தியில் ஒரு வரி: '18 கிலோமீட்டர், மேடு கிடையாது, எளிதான பாதை, எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் ஒன்றுதான்.' அதைப் படித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். சாயங்காலம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அப்போதும் மனசு ஆறவில்லை.

ஒன்றல்ல, ஐயா. சாலையில் இடப்பக்கம் ஓட்டுகிற ஊரில் இடம் திரும்பித் திரும்பி, அதாவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால், ஓரத்தை விடாமலே முழுச் சுற்றையும் முடித்துவிடலாம். பார்க்க வேண்டிய கட்டடங்களும் பெரும்பாலும் நம் இடக்கைப் பக்கமே வரும். அதே பாதையைத் திருப்பிப் போட்டால் ஒவ்வொரு முனையிலும் வலம் திரும்ப வேண்டும். பின்னால் பஸ்ஸும் லாரியும் வந்துகொண்டிருக்க, ஓரத்திலிருந்து நடுச்சாலைக்கு நகர வேண்டும். அதற்குத் தலையைத் திருப்பி வலத்தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். பழகாதவர்கள் அப்படிப் பார்க்கும்போது தலையோடு சேர்ந்து ஹேண்டில்பாரும் வலப்பக்கம் இழுத்துக்கொள்ளும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இது அப்படியே தலைகீழ். சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் யாரைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார்கள். உங்களுக்கும் தெரியாமல் இருக்காது.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கிட்டத்தட்ட இதே சுற்றை நானும் என் மனைவியும் போன வருஷம் போனோம். கடிகாரத் திசையில் போனோம், அதுதான் தப்பு. மொத்தம் 7 வலத்திருப்பம். ஆறாவதில் அவள் பின்னால் பார்த்துவிட்டு மனசு மாறி, மறுபடி ஓரத்துக்கு ஒதுங்கினாள். அங்கே மழைநீர் வடிகாலின் இரும்பு மூடி. அதன் கம்பிகள் சாலை போகிற திசையிலேயே நீளமாக ஓடுகின்றன, இடையில் இரண்டு விரல் நுழைகிற அளவு சந்து. அவள் சைக்கிளில் ஒல்லியான டயர். முன்சக்கரம் அந்தச் சந்தில் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. சைக்கிள் நின்றது, அவள் நிற்கவில்லை. மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு. சக்கரத்தை இரண்டு முறை கோட்டம் எடுத்தும் ரிம் இன்னும் ஒரு பக்கம் பிரேக் கட்டையை உரசுகிறது. 'இனிமே நீங்க மட்டும் போயிட்டு வாங்க' என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அவள் சைக்கிளைத் தொடவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மூடிகளைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதினேன். அப்போது யாரும் விழவில்லை. நாளை யாராவது விழுவார்களே என்ற பயத்தில் எழுதினேன். கடிதம் வந்தது, இரண்டு வரியாக. 'வடிகால் மூடிகளைச் சீரமைக்க வேண்டும்' என்று போட்டீர்கள். மூடியைக் கழற்றிக் கம்பிகள் குறுக்காக வரும்படி மாட்டினால் போதும், புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை என்று நான் எழுதியிருந்த வரியை எடுத்துவிட்டீர்கள். கடிதத்தில் உபயோகமானதே அந்த ஒரு வரிதான். இடம் இல்லையென்றால் சரி, மற்றதை வெட்டியிருக்கலாம்.

அப்புறம் அந்தப் படம். சைக்கிள் கட்டுரை எப்போது வந்தாலும் ஒரு பழைய சுவரில் சைக்கிளைச் சாய்த்து வைத்து எடுக்கிறீர்கள். அந்தச் சுவரில் நான் சாய்த்தால் காவலர் ஓடிவந்து எடுக்கச் சொல்கிறார். பத்தடி தள்ளிக் கார்களுக்குக் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார்கள். சைக்கிளைப் பூட்ட ஒரு கம்பி கிடையாது. ஒருவர் உள்ளே போய்ப் பார்க்க, இன்னொருவர் வெளியே இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நாங்கள் நூலகத்தை அப்படித்தான் பார்த்தோம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

எளிது என்பதற்கு மேடு இல்லை என்று மட்டும் அர்த்தம் கிடையாது. இத்தாலியில் லூக்கா நகரத்துப் பழைய மதில்மேல் சுமார் 4 கிலோமீட்டர் சுற்று இருக்கிறது. அங்கே மோட்டார் வண்டிகள் வருவதில்லை, இரண்டு பக்கமும் மர நிழல். அங்கே எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான்; உங்கள் கட்டுரையாளரின் வரி அந்த இடத்துக்குப் பொருந்தும். சீனாவில் ஷியான் நகர மதில்மேல் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர். அதுவும் மேடில்லாத சுற்றுதான், ஆனால் தரை செங்கல் பாவியது, சைக்கிள் குலுங்கும். டன்லப் 1888-ல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினாரே, அதன் தொடக்கமே தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்ற ஆசைதான். 1817-ல் கார்ல் டிரைஸ், பெடல் இல்லாத தன் இருசக்கர வண்டியை மான்ஹைம் நகரிலிருந்து முதல்முதலாக ஓட்டிக் காட்டியபோது, நல்ல சாலையாகப் பார்த்துத்தான் போய்வந்தார். தரையைப் பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுப்பது சைக்கிள் பிறந்த நாளிலிருந்தே உள்ள விஷயம். உங்கள் கட்டுரையில் தரை பற்றி ஒன்றுமே இல்லை. மணிக்கூண்டைச் சுற்றிக் கல்பாவிய தெரு இருக்கிறது, மழை பெய்தால் அது வழுக்கும். டிராம் தண்டவாளம் உள்ள நகரங்களில் அதைக் கூடியவரை நேர்குறுக்காகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். வேறு ஊருக்குப் போய்ச் சுற்றப்போகிற வாசகருக்கு இதையும் சொல்லியிருக்கலாம்.

கட்டுரை எழுதியவர் இந்தப் பாதையில் சைக்கிள் ஓட்டினாரா, காரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதினாரா என்று கேட்கத் தோன்றுகிறது. கோபத்தில் கேட்பதாக நினைக்க வேண்டாம். உங்கள் பேப்பரில் 'எளிதான பாதை' என்று வந்தால் அதை நம்பிக் கிளம்புகிறவர்கள் பல வருஷமாகச் சைக்கிளைத் தொடாதவர்கள். பழகியவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இணைப்பிதழில் ஒரு திருத்தம் போடுங்கள்: கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுவது நல்லது, தவிர்க்க முடியாத வலத்திருப்பம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கலாம் என்று. கூடவே உங்கள் வரைபடத்தின் நகலில், கம்பி நீளவாக்கில் இருக்கும் மூடிகளைச் சிவப்பு மையால் குறித்து அனுப்பியிருக்கிறேன். நேற்றுக் காலை தனியாகப் போய் எண்ணினேன், 11 இருக்கின்றன. நீதிமன்றத்துக்கு முன்னால் இரட்டை வட்டம் போட்டிருப்பது அவள் விழுந்த இடம். இடம் குறைவாக இருந்தால் கடிதத்தை விட்டுவிட்டு அந்த வரைபடத்தை மட்டும் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்