அந்தக் கவிதையைத் திரும்பக் கொடுங்கள்

பல்கலைக்கழக ஆங்கிலப் பாடத்திட்டக் குழுவினருக்கு வணக்கம்.

இந்த ஆண்டு முதலாமாண்டுப் பொது ஆங்கிலத் தாளிலிருந்து ஆங்கிலத்தில் எழுதிய இந்தியக் கவிஞர் கீவ் படேலின் ‘ஆன் கில்லிங் எ ட்ரீ’ (ஒரு மரத்தைக் கொல்வது பற்றி) கவிதையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மின்னஞ்சல் எழுதும் பயிற்சியை வைத்திருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், மின்னஞ்சல் எழுதத் தெரிய வேண்டும், சரி. அதற்கு இந்தக் கவிதையா போக வேண்டும்?

என் வகுப்புக்கு வருபவர்களில் பலர் பாலாற்றங்கரைப் பிள்ளைகள். தோல் தொழிற்சாலைக் கழிவு அங்கே என்ன செய்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதிய விஷயம். வெட்டினால் மரம் சாகாது, மறுபடி துளிர்க்கும், வேரை மண்ணிலிருந்து பிடுங்கி வெயிலில் காயவிட்டால்தான் சாகும் என்கிறது கவிதை. போன ஆண்டு இதை நடத்தி முடித்தபோது, அதுவரை வாயே திறக்காத மாணவன் ஒருவன் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தான். “சார், எங்க தோப்புல யாரும் வேரைப் பிடுங்கலையே. தண்ணி ஊத்தித்தான் தென்னை செத்துச்சு.”

அப்புறம் வகுப்பே பேசத் தொடங்கியது. உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீருக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று ஒரு பெண் கேட்டாள். ‘பிராக்கிஷ்’ என்று பலகையில் எழுதினேன். தன் பாட்டி நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நடந்த கதையை அந்தச் சொல்லை வைத்துத் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்திலேயே சொன்னாள். இலக்கணப் பிழைகளை நான் திருத்தவில்லை.

சுற்றுச்சூழல் கல்விக்குத் தனித் தாள் இருக்கிறதே என்பீர்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதன் பலனாக வந்த தாள் அது. மாசின் வகைகளை மனப்பாடம் செய்து தேறிவிடுகிறார்கள். தன் ஊர்க் கிணற்றைப் பற்றி ஒரு வரி எழுத அதில் இடமில்லை. சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று கன்று நட்டுப் படம் எடுக்கிறோம், மறுவாரம் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. பாடம் நடத்தும் எங்களை ஒரு வார்த்தை கேட்காமலே ஒவ்வொரு முறையும் தாள் மாறுகிறது. கோபம் வராமல் என்ன செய்யும்? பொறுத்துக்கொள்ளுங்கள், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அந்தக் கவிதையை அடுத்த பருவத்திலேயே திரும்பச் சேருங்கள். அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் ஐந்தையாவது, மாணவர் தன் ஊர் ஆற்றையோ ஏரியையோ பற்றி ஆங்கிலத்தில் எழுதும் ஒரு பக்கத்துக்குக் கொடுங்கள். மின்னஞ்சல் பயிற்சியும் இருக்கட்டும். அந்தத் தென்னந்தோப்புப் பையன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிப் பழகட்டும். கவிதையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். குழு கூடும் நாளைச் சொன்னால், என் மாணவர்கள் எழுதிய தாள்களோடு வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்