முதல் செலவு நூலகருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களும் கோயில்களும் நூலகம் தொடங்குவது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை பெட்டிப் புத்தகம் கப்பலில் வந்தது, அலமாரிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. அந்த நூலகத்தில் நூலகராக யார் உட்காரப் போகிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மதுரையில் நூலக அறிவியல் படித்தவள் நான். இப்போது நியூ ஜெர்சியில் ஒரு சிறிய யூத ஜெபாலயத்தில் பகுதிநேர நூலகராக இருக்கிறேன். நான் யூதர் இல்லை. வேலைக்கு எடுத்தவர்கள் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. சமையலறையை ஒட்டிய பழைய வகுப்பறைதான் எங்கள் நூலகம்.

அங்கே புத்தகத்துக்குப் பஞ்சமே இல்லை. வீட்டுப் பெரியவர் காலமானால் பிள்ளைகள் அவருடைய புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கி ஜெபாலயத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அதே கலைக்களஞ்சியம், அதே வரலாற்று நூல், அட்டை பிய்ந்த ஜெபப் புத்தகங்கள். துக்கத்தோடு வந்து நிற்பவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அதனால் நிர்வாகக் குழுவிடம் ஒரு தாளில் எழுதி வாங்கினேன்: எதை ஏற்போம், எதை வேறு இடத்துக்கு அனுப்புவோம், முடிவு நூலகருடையது. புதிதாக நூலகம் வைக்கும் எவரும் அலமாரி வாங்கும் முன்பே இப்படி ஒரு தாளை எழுதிக்கொள்ள வேண்டும்.

கிழிந்த ஜெபப் புத்தகங்களைக் குப்பையில் போட முடியாது. இறைவனின் எபிரேயப் பெயர் எழுதிய தாளை அழிக்கக்கூடாது என்பது யூத மரபு. ஒதுக்கி வைத்து, சேர்ந்ததும் இடுகாட்டில் புதைப்பார்கள். ஒதுக்கி வைக்கும் இடத்துக்கு கெனிசா என்று பெயர். கெய்ரோவில் பென் எஸ்ரா ஜெபாலயத்துக் கெனிசாவில் நூற்றாண்டுக் கணக்கில் குவிந்து கிடந்த தாள்களில் பெரும்பகுதியை 1896-97இல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே இன்று ஏறக்குறைய 1,93,000 துண்டுகள் இருக்கின்றன. மலபார்க் கரையோடு வாணிபம் செய்த யூத வணிகர்களின் கடிதங்களும் கெனிசாவிலிருந்து கிடைத்திருக்கின்றன. எங்களிடம் இருப்பது ஓர் அட்டைப்பெட்டி. ஆனாலும் அதில் ஒரு தாளை வைக்கும்போது என் கை தானாக நிதானப்பட்டுவிடும்.

அடுக்குவதிலும் சிக்கல் உண்டு. பொருள்வாரியாக எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்கும் டூவி தசமப் பகுப்பு முறையில் யூத மதத்துக்கு 296 என்ற ஒரே எண். ஊர் நூலகத்துக்கு அது போதும். எங்களுக்கோ மதம் பற்றிய நூல் அத்தனையும் அந்த எண்ணுக்குள் நெரிசலாகி, புள்ளிக்குப் பிறகு இலக்கங்கள் நீண்டுகொண்டே போகும். இதற்காகவே எலசார் சகோதரர்கள் ஒரு பகுப்பு முறையை உருவாக்கினார்கள். எபிரேய விவிலியம் தொடக்க எண்களில், தால்முத் போன்ற யூதச் சட்ட விளக்க நூல்கள் 100இல், சடங்கும் பண்டிகையும் 200இல், இலக்கியம் 500இல், வரலாறு 700இல். சிறு ஜெபாலயங்களுக்கென மே வைன் என்ற அம்மையார் வகுத்த எளிய முறையும் உண்டு. எங்கள் தன்னார்வலர்கள் எலசார் முறையைச் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். குழந்தைகளுக்கு எதை வாங்குவது என்று திகைக்கும்போது, யூத நூலகச் சங்கம் 1968 முதல் வழங்கிவரும் சிட்னி டெய்லர் விருதுப் பட்டியலைப் பார்ப்பேன்.

இனி நேரத்துக்கு வருகிறேன். ஜெபாலயத்துக்குக் கூட்டம் வருவது சனிக்கிழமை. அன்று ஷப்பாத், யூதர்களின் ஓய்வு நாள், எழுதக்கூடாது, கணினியைத் தொடக்கூடாது. யூதரல்லாத என்னை அன்று தங்களுக்காக வேலை செய்யச் சொல்வதையும் மரபு ஏற்பதில்லை. எனவே வெள்ளிக்கிழமையே விளக்கைப் போட்டு, கதவைப் பூட்டாமல் வந்துவிடுவேன். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைப் பையிலும் ஓர் அட்டை இருக்கும். குடும்பங்களின் பெயரை முன்பே எழுதிய சீட்டுகள் மேசைமேல் இருக்கும். அட்டையையும் சீட்டையும் ஒரு கிளிப்பில் கோத்துப் பெட்டியில் போட்டால் சரி. பொதுவெளியில் பொருள் சுமக்கக்கூடாது என்பதைக் கடைப்பிடிப்பவர்கள் எடுத்த புத்தகத்தைத் தனித் தட்டில் வைத்துவிட்டு, மறுநாள் வந்து வாங்கிக்கொள்வார்கள்.

மறுநாள், அதாவது ஞாயிறு காலை, பிள்ளைகள் எபிரேயம் படிக்க வருவார்கள். அந்த மூன்று மணி நேரம்தான் எங்கள் நூலகத்தின் உயிர். பிள்ளைகள் புத்தகத்தை மாற்ற ஓடி வருவார்கள். காப்பியோடு காத்திருக்கும் அப்பா ஒருவர், இறந்த தன் தாய்க்கு எப்படித் துக்கம் அனுசரிப்பது என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். அவரிடம் சரியான புத்தகத்தை எடுத்துக் கொடுக்க ஒருவர் அங்கே இருக்க வேண்டும். நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்த சீர்காழி ரங்கநாதன், நூல்கள் பயன்படுத்துவதற்கே என்று 1931இல் சொன்ன முதல் விதியின் கீழேயே நூலகம் திறந்திருக்கும் நேரத்தையும் ஊழியரையும் சேர்த்துத்தான் பேசினார்.

தன்னார்வலர்கள் பொன்னானவர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 700ஆம் எண் அலமாரியைத் தன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் பொறுப்பாளர் ஒருவர் இல்லாவிட்டால், நல்ல மனம் படைத்தவர்களும் சில மாதங்களில் களைத்துப் போவார்கள். எனக்கு முன்பு இங்கே நூலகம் பலகாலம் பூட்டியே கிடந்ததற்கு அதுதான் காரணம்.

புத்தகம் வாங்கப் பணம் கேட்டால் உடனே கிடைக்கும். பையனுக்குப் பதின்மூன்று வயதாகும்போது நடத்தும் பார் மிட்ஸ்வா விழாவுக்கு, பெற்றோரின் நினைவு நாளுக்கு என்று கொடுப்பார்கள். அவர்கள் பெயரோடு முன்னட்டையின் உட்புறம் ஒரு சீட்டை ஒட்டுவோம். சம்பளத்துக்கு அப்படி யாரும் கொடுத்ததில்லை. பிறகு ஒரு மூதாட்டி, தன் கணவரின் நினைவாக ஓராண்டு ஞாயிறு காலைகளுக்கான நூலகர் ஊதியத்தைத் தந்தார். அவர் பெயரை நூலகக் கதவில் எழுதி வைத்தோம். அதைப் பார்த்த மற்றவர்களும் தாங்களும் அப்படிக் கொடுக்கலாமா என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

நம்மவர்கள் அப்பா அம்மாவின் திதிக்கு அன்னதானம் செய்கிறார்கள். அதே நாளில் ஒரு ஞாயிறு காலைக்கான நூலகர் ஊதியத்தையும் ஏற்றுக்கொள்ளலாமே. நூலகம் தொடங்கும் சங்கங்கள் வரவு செலவுத் திட்டத்தின் முதல் வரியில் நூலகரின் ஊதியத்தை எழுதட்டும், அலமாரி அதற்குக் கீழே வரட்டும். எங்கள் நன்கொடைப் படிவமும் புத்தகம் ஏற்பதற்கான விதித்தாளும் வேண்டுவோர் உங்கள் அலுவலகம் வழியாகக் கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நியூ ஜெர்சி