மரபணு இருக்கிறது, சரி. வேலை செய்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் பக்கத்தை விடாமல் படிக்கிறவன், மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன் என்ற இரண்டு உரிமையிலும் இதை எழுதுகிறேன். 'உடல் பருமனுக்குக் காரணமான மரபணு கண்டுபிடிப்பு', 'நீண்ட ஆயுளுக்கு ஒரு மரபணு', 'கோபக்காரர்களின் மரபணு' என்கிற மாதிரித் தலைப்புகள் உங்கள் பத்திரிகையில் மட்டுமல்ல, எல்லாப் பத்திரிகையிலும்தான் வருகின்றன. படித்து முடித்தால், ஏதோ ஒரு மரபணு யாரிடமோ இருக்கிறது என்பது தெரிகிறது. உடம்பின் எந்தத் திசுவில் அது வேலை செய்கிறது, எப்போது, எவ்வளவு, அதை எப்படி அளந்தார்கள் என்பதில் ஒன்றுகூட இருப்பதில்லை. என்னைக் கேட்டால் செய்தியே அதுதான், மற்றதெல்லாம் முன்கதை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், இன்சுலின் மரபணு உங்கள் கால் கட்டைவிரல் தோலிலும் இருக்கிறது, கண்ணிலும் இருக்கிறது. ஆனால் இன்சுலினைச் சுரப்பது கணையத்தில் இருக்கும் பீட்டா செல்கள்தான். மனிதனுக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. உட்கருவே இல்லாத முதிர்ந்த சிவப்பணு மாதிரியான சில விதிவிலக்குகளை விட்டுவிட்டால் எல்லாச் செல்லிலும் அதே தொகுப்புதான் இருக்கிறது. ஈரல் செல் ஈரலாகவும் நரம்புச் செல் நரம்பாகவும் இருப்பது, அந்தத் தொகுப்பில் எவற்றை ஆர்.என்.ஏ.யாக (புரதம் செய்வதற்கான நகலாக) படியெடுக்கிறது, எவற்றைத் தொடாமல் விடுகிறது என்பதால்தான். தேவைப்படாத மரபணுக்களைச் செல் ஒரேயடியாக இழந்துவிடுகிறதோ என்றுகூட ஒரு காலத்தில் சந்தேகப்பட்டார்கள். ஜான் கர்டன் தவளையின் தலைப்பிரட்டையிலிருந்து குடல் செல்லின் உட்கருவை எடுத்து, உட்கரு செயலிழந்த முட்டைக்குள் வைத்தார். அதிலிருந்தும் முழு உயிரி வளர முடியும் என்று 1962ல் காட்டினார். குடல் செல் எதையும் தொலைக்கவில்லை, மூடித்தான் வைத்திருந்தது. 2006ல் ஷின்யா யமனகா எலியின் சாதாரண செல்களில் நான்கே நான்கு மரபணுக்களைக் கூடுதலாக இயங்கவைத்து, அவற்றைக் கருவின் ஆரம்பநிலைச் செல்கள் போல மாற்றினார். இருவருக்கும் சேர்த்து 2012ல் நோபல் கொடுத்தார்கள்.

இந்தக் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்பதற்கு முதல் தெளிவான விளக்கம் 1961ல் பாரிஸிலிருந்து, ஃபிரான்சுவா ஜாக்கோபும் ஜாக் மோனோவும் ஈ.கோலை பாக்டீரியாவில் செய்த வேலையிலிருந்து வந்தது. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இல்லாதபோது ஒரு புரதம் டி.என்.ஏ.யில் உட்கார்ந்து வழியை மறிக்கும், லாக்டோஸ் வந்தால் எழுந்துவிடும், உடனே அதைச் செரிக்கும் நொதிகள் உருவாகும். ஆனால் பக்கத்தில் குளுக்கோஸும் இருந்தால், வழி திறந்திருந்தும் அந்த மரபணுக்கள் பெயருக்குத்தான் இயங்கும், எளிதான சாப்பாடு இருக்கும்போது எதற்கு மெனக்கெட வேண்டும் என்பது போல. ஒரே செல் கொண்ட பாக்டீரியாவுக்கே இவ்வளவு கணக்கு.

இப்போது அந்த 'உடல் பருமன் மரபணு'வுக்கு வருகிறேன். 2007ல் எஃப்.டி.ஓ. என்ற மரபணுவில் ஓரிடத்தில் டி.என்.ஏ. எழுத்து மாறியிருப்பவர்களுக்கு எடை கூடுதலாக இருப்பதாகக் கண்டார்கள். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அந்த மாற்றத்தைப் பெற்றவர்கள், ஒன்றுமே பெறாதவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 3 கிலோ அதிகம். கண்டுபிடிப்பு உண்மையானது, பெரிய அளவில் செய்தது. உலகமெங்கும் எஃப்.டி.ஓ.வுக்குப் பருமன் மரபணு என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த மாற்றம் இருந்ததோ மரபணுவின் புரதம் செய்யாத இடைப்பகுதியில். எஃப்.டி.ஓ. புரதம் எழுத்து பிசகாமல் அப்படியேதான் இருந்தது! அப்புறம் 2014லும் 2015லும் வந்த ஆய்வுகள், அந்த இடைப்பகுதி உண்மையில் சுமார் 5 லட்சம் எழுத்துகள் தள்ளி இருக்கும் ஐ.ஆர்.எக்ஸ்.3 என்ற வேறொரு மரபணுவின் இயக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதி என்று காட்டின. கொழுப்புச் செல்லாக மாறப்போகும் செல்களில் அந்த ஓர் எழுத்து மாற்றம் ஐ.ஆர்.எக்ஸ்.3ஐயும் அதன் உறவான ஐ.ஆர்.எக்ஸ்.5ஐயும் கூடுதலாக இயங்கவைக்கிறது. ஐ.ஆர்.எக்ஸ்.3 இல்லாமல் வளர்த்த எலிகள் மற்ற எலிகளைவிட 25 முதல் 30 சதவீதம் எடை குறைவாக இருந்தன. ஆக, மாற்றம் ஒரு மரபணுவின் வீட்டில், விளைவு அடுத்த தெருவில். 2007ல் தலைப்புப் போட்ட பத்திரிகைகளில் எத்தனை 2014ல் திருத்தம் போட்டன?

இன்னொன்றும் சொல்லவேண்டும். மரபணு இயங்குகிறது, இயங்கவில்லை என்று இரண்டே நிலை வைத்து எழுதுவதும் சரியாக வராது, ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி கூடவும் குறையவும் செய்யும் விஷயம் அது. பல நோய்களில் மரபணு கெட்டுப்போயிருக்காது, இரண்டில் இருக்கவேண்டியது மூன்றில் ஓடிக்கொண்டிருக்கும்.

அரிவாள் செல் ரத்தசோகையைப் பாருங்கள். இங்கே மரபணுவே பிழையானதுதான். ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைச் செய்யும் பீட்டா குளோபின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சிவப்பணுவை வளைத்துவிடுகிறது. ஆனால் இந்த நோயோடு பிறந்த குழந்தைகளுக்கு முதல் சில மாதங்களில் தொந்தரவு தெரிவதில்லை. 1948ல் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் அதைக் கவனித்து, கருவில் இருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபின் அவர்களைக் காப்பாற்றுகிறது என்று சொன்னார். கருவில் காமா குளோபின் என்ற வேறொரு மரபணு இயங்குகிறது. பிறந்த பிறகு அது மெல்ல அடங்கி, பீட்டா மேலே வருகிறது. காமா மரபணு எங்கேயும் போய்விடுவதில்லை, வாழ்நாள் முழுக்க நல்ல நிலையில் செல்லுக்குள்ளேயே கிடக்கிறது. அதை அடக்கிவைக்கும் முக்கியப் புரதம் பி.சி.எல்.11ஏ என்று 2008ல் காட்டினார்கள். 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்த கிரிஸ்பர் (டி.என்.ஏ.யைக் குறித்த இடத்தில் வெட்டும் முறை) சிகிச்சை இதை வைத்துத்தான் வந்தது.

அந்தச் சிகிச்சையைப் பற்றிப் படித்த பலர் 'பிழையான மரபணுவைத் திருத்திவிட்டார்கள்' என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிழையைத் தொடவே இல்லை. நோயாளியின் ரத்த மூலச்செல்களை எடுத்து, பி.சி.எல்.11ஏ மரபணுவின் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதியை மட்டும் வெட்டுகிறார்கள், காமா குளோபின் மறுபடி இயங்குகிறது, அவ்வளவுதான். ஏன் பி.சி.எல்.11ஏவையே ஒழித்துக்கட்டவில்லை என்று கேட்டால், அந்தப் புரதம் நோய் எதிர்ப்புச் செல்கள் உட்பட வேறு இடங்களிலும் வேண்டும். வெட்டிய பகுதியோ சிவப்பணுவாக வளரும் செல்களில் மட்டும் அந்த மரபணுவைத் தூண்டிவிடுவது. 'எந்தத் திசுவில்' என்ற கேள்விதான் இங்கே சிகிச்சையையே சாத்தியமாக்கியது. அந்த ஒரு வரியை விட்டுவிட்டு எழுதினால் செய்தியில் பாதியைக்கூடச் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

சிறுவர் பக்கத்துக்கு வேண்டுமானால் ஆரஞ்சுப் பூனை இருக்கிறது. பூனைக்கு ஏன் ஆரஞ்சு நிறம் வருகிறது என்பதை 2025ல் ஸ்டான்ஃபோர்டிலும் ஜப்பானின் கியூஷுவிலும் இருந்த இரண்டு குழுக்கள் தனித்தனியாக வெளியிட்டன. எக்ஸ் குரோமோசோமில் புரதம் செய்யாத பகுதியில் சுமார் 5,000 எழுத்துகள் விடுபட்டுப்போனதால், வழக்கமாக நிறமிச் செல்களில் இயங்காத ஒரு மரபணு அங்கே இயங்க ஆரம்பித்துவிடுகிறது. பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அடங்கிவிடுவதால் திட்டுத்திட்டாகக் கறுப்பும் ஆரஞ்சும் வரும். 2001 கடைசியில் அப்படியொரு மூன்று நிறப் பூனையைக் குளோனிங் செய்தபோது பிறந்த குட்டியிடம் ஆரஞ்சு கொஞ்சமும் இல்லை. டி.என்.ஏ. அதேதான்.

இனி அளவீடு. இதைப் பற்றித்தான் எனக்குக் கோபமே அதிகம், ஏனென்றால் 'இந்த மரபணு பத்து மடங்கு அதிகமாக இயங்கியது' என்று எழுதுகிறவர் யாரும் பத்து மடங்கு எதைவிட என்று கேட்பதில்லை. கொரோனா காலத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான ஆர்.டி.பி.சி.ஆர். முறையைத்தான் நாங்களும் அன்றாடம் பயன்படுத்துகிறோம். செல்லிலிருந்து ஆர்.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கவேண்டும். அதில் பெரும்பகுதி புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோமுக்குரியது, நமக்கு வேண்டிய தூது ஆர்.என்.ஏ., அதாவது மரபணுவிலிருந்து எடுத்த படி, சில சதவீதம்தான். நம் விரலில் இருக்கும் நொதியே அதைச் சிதைத்துவிடும் என்பதால் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைக்கவேண்டும். டெமினும் பால்டிமோரும் 1970ல் கண்டறிந்த நொதியால் அதை டி.என்.ஏ.யாக மாற்றி, சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்குகிறோம். கூடவே சேர்த்த சாயத்தின் ஒளி தென்பட எத்தனை சுற்று ஆனது என்பதுதான் விடை. ஒரு சுற்று முன்னால் தென்பட்டால் இரண்டு மடங்கு, பத்துச் சுற்று என்றால் சுமார் ஆயிரம் மடங்கு. அதாவது அளவில் ஒரு சுற்று பிசகினாலே முடிவு இரட்டிப்பாகத் தெரியும். அதனால்தான் எப்போதும் ஒரே அளவில் இயங்கும் என்று நம்பப்படும் இன்னொரு மரபணுவையும் கூடவே அளந்து, அதோடு ஒப்பிடுகிறோம். அந்த ஒப்பீட்டு மரபணுவே ஆடினால் எல்லாமே ஆடிவிடும். ஆய்வுக்கூடச் சண்டைகளில் பாதி இதனால்தான் வரும்.

இப்போது 20,000 மரபணுக்களையும் ஒரே சமயத்தில் அளக்கும் முறைகள் வந்துவிட்டன. ஆர்.என்.ஏ.வைத் துண்டாக்கி, கோடிக்கணக்கான துண்டுகளைப் படித்து, எது எத்தனை முறை வந்தது என்று கம்ப்யூட்டரில் எண்ணுகிறார்கள். அற்புதமான முறைதான். ஆனால் 20,000 கேள்வி கேட்டால், 5 சதவீதப் பிழையை ஏற்றுக்கொள்ளும் வழக்கமான கணக்குப்படி, ஒன்றுமே இல்லாத இடத்திலும் 1,000 மரபணுக்கள் தற்செயலாக 'மாறியதாக'த் தெரியும். அதைச் சரிசெய்யப் புள்ளியியலில் வழி உண்டு, செய்தார்களா என்று கேட்கவேண்டும். மூளைத் திசுவில் நரம்புச் செல்கள் இறந்துபோயிருந்தால், நரம்புச் செல்லுக்குரிய மரபணுக்கள் எல்லாமே குறைந்த மாதிரி தெரியும். எந்த மரபணுவும் அங்கே அடங்கியிருக்காது, செல்தான் குறைந்திருக்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2009 முதல் ஒவ்வொரு செல்லாகப் பிரித்து அளக்கும் முறை வளர்ந்தது. இத்தனைக்குப் பிறகும் ஆர்.என்.ஏ. இருப்பதால் புரதம் இருந்தே ஆகவேண்டும் என்று இல்லை. புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தைச் செல் செய்துகொண்டே இருக்கிறது, செய்ததைச் சிதைத்துக்கொண்டும் இருக்கிறது. டி.என்.ஏ.வுக்கு ஆபத்து வந்தால் சிதைப்பது நிற்கிறது, புரதம் குவிகிறது. ஆர்.என்.ஏ.யை மட்டும் அளப்பவருக்கு இது கண்ணில் படாமலே போகலாம்.

(ஒரு சின்னத் தமாஷும் சொல்கிறேன். எக்செல் மென்பொருள் 'செப்ட்2', 'மார்ச்1' என்ற மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிவிடும். 2016ல் ஒரு குழு தேடிப்பார்த்தபோது, எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தக் கோளாறு இருந்தது. கடைசியில் 2020ல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள்!)

உங்கள் விளம்பரப் பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எச்சிலை அனுப்பினால் 'உங்கள் மரபணுக்கள் என்ன செய்கின்றன' என்று சொல்வதாக விளம்பரம் வருகிறது. எச்சிலில் படிப்பது டி.என்.ஏ.யை. அது நீங்கள் பிறந்தபோது இருந்த அதே எழுத்துகள். உங்கள் ஈரலில் இன்று எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பதை அந்தச் சோதனை சொல்லாது. 'மரபணுக்களின் இயக்கத்தையே மாற்றும்' பானங்களும் அப்படித்தான். ஒருவேளைச் சாப்பாடும் மாற்றும், ஒருவேளைப் பட்டினியும் மாற்றும், மாடிப்படி ஏறினாலும் தசையில் மாறும். சில மணி நேரத்தில் பழையபடி ஆகும்.

ஆகவே உங்கள் நிருபர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த மரபணுச் செய்தியில் எந்தத் திசு, மனிதனா எலியா, எத்தனை பேரின் மாதிரி, அளந்தது டி.என்.ஏ.யா ஆர்.என்.ஏ.யா புரதமா, வேறொரு குழு மறுபடி செய்து பார்த்ததா என்பதை எழுதச் சொல்லுங்கள். மூன்று வரிக்கு மேல் ஆகாது. இடம் போதவில்லை என்றால் கூடவே போடும் அந்த இரட்டைச் சுருள் படத்தை எடுத்துவிடலாம். எங்கள் செல்லில் இருப்பது வலப்பக்கம் சுற்றும், உங்களுக்குப் படம் விற்கிறவர் கொடுப்பது பல சமயம் இடப்பக்கம் சுற்றியிருக்கிறது.

இப்படிக்கு,
ஆய்வகத்தில் வேலை பார்க்கும் வாசகன்